280 வெள்ளிக்கு மேசை ரம்பம்: எடுக்கலாமா?

2025 பிப்ரவரி 15, வாசகர் ஒருவரின் கேள்வி

அண்ணே, பழைய பொருள் விற்கும் கேரோசல் இணையதளத்தில் 10 அங்குல மேசை ரம்பம் ஒன்று 280 சிங்கப்பூர் வெள்ளிக்கு வந்திருக்கிறது. நல்ல ஜப்பான் பிராண்டு. புதிது வாங்கப் போனால் மூன்று மடங்காவது ஆகும். ரம்பம் என்றால் என்ன, ஒரு மோட்டார், ஒரு பிளேடு, மேலே ஒரு தகடு, அவ்வளவுதானே. பிளேடு மழுங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நான் ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறேன். பூஜை அலமாரி, மகளுக்குப் படிப்பு மேசை எல்லாம் சொந்தமாகச் செய்ய ஆசை. வேறு ஆளும் கேட்கிறாராம், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். எடுத்துவிடவா?

பிப்ரவரி 15, இரவு

வேறு ஆள் கேட்டால் அவரே எடுத்துக்கொண்டு போகட்டும், தம்பி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளேடுக்கு மேலே மூடி இல்லை. பிளேடுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்க வேண்டிய இரும்புத் தகடு, ரைவிங் நைஃப் என்பார்கள், அதுவும் இல்லை. இந்த இரண்டும் இல்லாத மேசை ரம்பத்தை 28 வெள்ளிக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிப்ரவரி 16

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

மேசை ரம்பத்தில் பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்திக்கொண்டு அறுக்கும். பின்பக்கப் பற்கள் மேசைக்குக் கீழிருந்து எழும்பி, மேலே வந்து, நம்மை நோக்கித் திரும்பும். அறுபட்ட மரம் உள்ளிறுக்கம் தளர்ந்து லேசாக மூடிக்கொண்டாலும் சரி, மரத்தை நேராக ஓட்ட உதவும் பக்கச் சட்டம், அதாவது ஃபென்ஸ், அதன் பின்முனை பிளேடுப் பக்கம் மயிரிழை சாய்ந்திருந்தாலும் சரி, மரம் அந்தப் பின் பற்களில் மாட்டும். மாட்டிய மறுகணம் அதை நம் வயிற்றைப் பார்த்து வீசிவிடும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றும்போது பல் நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். கண் இமைத்து, கையை எடுத்து, விலகிக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது.

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படி ஒரு பிளைவுட் துண்டு விலாவுக்குக் கீழே பட்டது. உள்ளங்கை அகலத் துண்டுதான். சட்டை கிழியவில்லை. ஆனால் துண்டின் மூலை குத்திய இடம் முக்கோணமாகக் கருநீலம் பாய்ந்திருந்தது. பல நாள் அவரால் இருமக்கூட முடியவில்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்த ரம்பத்தின் ரைவிங் நைஃபை யாரோ கழற்றி அலமாரிக்கு மேலே போட்டிருந்தார்கள்.

ரைவிங் நைஃப் பிளேடுடன் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அறுத்த இடைவெளிக்குள் அது நிற்பதால் மரம் மூடிக்கொள்ளாது, பின் பற்களின் மேல் சாயவும் சாயாது. அமெரிக்காவில் புதிய வடிவ ரம்பங்களுக்கு 2008-லிருந்து தர விதி இதைக் கேட்கிறது. ஐரோப்பாவில் அதற்கு வெகு முன்பே இது வழக்கத்தில் இருந்தது.

பிப்ரவரி 17

"அந்தத் தகட்டைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே?" போட்டுக்கொள்ளலாம். மாடல் எண்ணைச் சொல்லி இங்குள்ள சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். கிடைக்கும் என்றால் அதன் விலையை 280-உடன் கூட்டுங்கள், மூடியின் விலையையும் கூட்டுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

வீட்டிலேயே ஒரு இரும்புத் தகட்டை வெட்டி மாட்டலாம் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம் ஐயா. பிளேடின் உடல் 1.8 மிமீ, பல்லின் அகலம் 2.6 மிமீ என்று வைத்துக்கொண்டால், அந்தத் தகட்டின் தடிமன் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பல்லைவிடத் தடித்தால் மரம் நடுவழியில் சிக்கி நிற்கும், நாம் பலம் போட்டுத் தள்ளுவோம். பிளேடைவிட மெலிந்தால் இருந்தும் பயனில்லை. பிளேடின் நடுக்கோட்டில் நேராக நிற்கவும் வேண்டும்.

பிப்ரவரி 22

விற்பவரிடம் பிளக் எப்படி இருக்கும் என்று கேட்டீர்களாம், "பிளக் மஞ்சள் நிறம், வட்டமாக இருக்கும்" என்றாராம். அது 110 வோல்ட். கட்டுமானத் தளத்தில் ஓடிய ரம்பம். நம் வீட்டு 230 வோல்ட்டில் மூன்று முனை பிளக்கை மாட்டி ஓட்டினால் மோட்டார் புகைந்துவிடும். விலை ஏன் 280 என்பதற்கு இதுவே பாதி விடை. வெளிப்படையாகப் பதில் சொன்னார் அல்லவா, அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்காவிலிருந்து தருவிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தூக்கிக்கொண்டு போகிற வகைச் சின்ன ரம்பங்களில் கார்பன் பிரஷ் மோட்டார் இருக்கும், அதற்கு ஹெர்ட்ஸ் பொருட்டில்லை. ஆனால் வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1,800 வாட் ரம்பம் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் தூக்க முடியாத கனம். பெரிய கேபினட் வகை ரம்பங்களில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அது 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்.

வரியையும் மறக்காதீர்கள். 400 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தால் கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மலிவான பொருளென்றாலும் 2023-லிருந்து பதிவு செய்த இணையக் கடைகள் விற்கும்போதே அந்த வரியை வாங்கிவிடுகின்றன.

மார்ச் 1

சரி, பழையதை நேரில் போய்ப் பார்ப்பது எப்படி என்று முழுதாக எழுதிவிடுகிறேன். இந்த இழையிலேயே பணத்தை மிச்சப்படுத்தப் போவது இந்தக் குறிப்புதான்.

கையோடு கொண்டு போக வேண்டியவை: அளவுகோல் நகரும் வகை நல்ல மூலைமட்டம் ஒன்று, அடையாளமிட மார்க்கர், கைவிளக்கு, 18 மிமீ பிளைவுட் துண்டு, காது அடைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி. விற்பவர் புளோக்கின் கீழ்த்தளத் திறந்த வெளியில், வாய்ட் டெக்கில், வைத்துக் காட்டுகிறேன் என்றால், மின்சாரம் இருக்கும் இடத்துக்கே வருகிறேன் என்று சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்காத ரம்பம் வெறும் இரும்பு விலைதான் பெறும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். முன்பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மேசையில் மைட்டர் கேஜ், அதாவது மரத்தைக் குறுக்காக அறுக்கும்போது கோணம் மாறாமல் தள்ளும் கருவி, ஓடும் பள்ளம் இருக்கிறதே, அதன் விளிம்பில் மூலைமட்டத்தைச் சேர்த்து, அதன் அளவுகோல் அந்தப் பல்லை லேசாகத் தொடும்வரை நீட்டிப் பூட்டுங்கள். இப்போது கையால் பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டு வாருங்கள். மூலைமட்டத்தைப் பள்ளத்திலேயே பின்னுக்கு நகர்த்துங்கள். அங்கேயும் அதே மாதிரித் தொட்டால் பிளேடும் பள்ளமும் இணை. இடைவெளி தெரிந்தாலோ, அளவுகோல் பல்லை நெட்டித் தள்ளினாலோ கோணல். அதே பல்லை வைத்து இரண்டு இடத்திலும் பார்ப்பது முக்கியம். வேறு வேறு பல்லைப் பார்த்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் கலந்துவிடும். காகிதத் தடிமன் வித்தியாசம் என்றால் பரவாயில்லை, மேசைக்கு அடியில் திருகாணி தளர்த்திச் சரி செய்யலாம். ஒரு மில்லிமீட்டர் என்றால் ரம்பம் எங்கோ விழுந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஃபென்ஸ். பூட்டுங்கள், பின்முனையைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் எந்த வெட்டும் நேராக வராது. சில டிவால்ட் ரம்பங்களில் ஒரு குமிழைத் திருகினால் ஃபென்ஸின் முன்முனையும் பின்முனையும் பல்சக்கரத்தில் ஒன்றாக நகரும். அந்த வகையில் ஃபென்ஸ் கோணலாவது அரிது. அதற்காகவே நான் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பேன்.

பிளேடின் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மோட்டாரின் பக்கவாட்டில் இரண்டு கறுப்பு மூடி இருக்கும், திருகினால் கார்பன் பிரஷ் வெளியே வரும். பல பிரஷ்களில் தேய்மானக் கோடு போட்டிருப்பார்கள். கோடு வரை தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், சில வெள்ளிதான், ஆனால் ரம்பம் எவ்வளவு ஓடியது என்பதற்கு அது சாட்சி. விற்பவர் "ரெண்டு தடவைதான் யூஸ் பண்ணேன்" என்று சொல்லியிருந்தால் பிரஷைக் காட்டிப் பேரம் பேசலாம்.

பிறகு பிளக்கை மாட்டி ஓட்டுங்கள். சுவிட்சை நிறுத்தியதும் பிளேடு ஓய்ந்து வரும் அந்தச் சில நொடிகளில்தான் காதைக் கொடுக்க வேண்டும். கரகரப்பு வந்தால் பேரிங். கொண்டுபோன பிளைவுட்டை நீளவாக்கில் அறுத்து, துண்டின் இரண்டு முனையையும் அளந்து பாருங்கள். அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபென்ஸ் பக்க வெட்டில் கறுப்பாகத் தீய்ந்த கோடு தெரிந்தால், ஃபென்ஸ் பின்னால் நெருக்குகிறது அல்லது பிளேடு மழுங்கியிருக்கிறது. இரண்டும் சரி செய்யக்கூடியவை, விலையைக் குறைக்கக்கூடியவையும்.

மார்ச் 2

குறையுள்ள பொருளுக்கு விற்ற கடையே பொறுப்பு என்னும் லெமன் சட்டம் கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. பழைய பொருள் என்பதால் வயதையும் விலையையும் பார்ப்பார்கள், அது நியாயம்தான். கேரோசலில் தனியாள் தனியாளுக்கு விற்றால் இந்தச் சட்டம் வராது. மார்ச் 1 குறிப்பை அவ்வளவு நீட்டி எழுதியது அதனால்தான்.

மார்ச் 23

ஜோகூர் பாருவில் மலிவு என்கிறார் உட்லண்ட்ஸ் அண்ணன். மின்சாரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் தடையே இல்லை. அங்கேயும் அதே மூன்று முனை பிளக், அதே 50 ஹெர்ட்ஸ், நேராக மாட்டி ஓட்டலாம். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு ஜிஎஸ்டி சலுகை 100 வெள்ளி வரைதான். 48 மணி நேரம் வெளியே இருந்தால் 500 வெள்ளி. மீதித் தொகைக்குச் சுங்கத்துறையில் அறிவித்து 9 விழுக்காடு கட்ட வேண்டும். உத்தரவாத அட்டை மலேசியாவுக்கு மட்டுமா என்று கடையிலேயே கேளுங்கள். பழுதானால் 30 கிலோ ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஜோகூர் போகும் காஸ்வே பால வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பிளேடு, கிளாம்ப் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு ஜோகூர் நல்ல யோசனை. ரம்பத்துக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏப்ரல் 12

ஒருவர் கேட்டார்: "எல்லாம் சொல்கிறீர்கள், வீட்டில் எங்கே வைத்து ஓட்டுவது?"

இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீட்டில் புதுப்பிப்பு வேலைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. சத்தம் போடும் வேலை என்றால் வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது. அது நம் பொழுதுபோக்குக்காக எழுதிய விதி இல்லை என்று வாதிடலாம். கீழ்வீட்டு ஆண்ட்டி அந்தக் கணக்கில்தான் பார்ப்பார், அவர் பார்ப்பதில் தவறும் இல்லை. கார்பன் பிரஷ் மோட்டார் வைத்த ரம்பம் அலறும். பக்கத்தில் நின்றால் 90 டெசிபெலைத் தாண்டும். கான்கிரீட் தரை அதிர்வையும் சேர்த்துக் கீழே அனுப்பும். நமக்கு நேரம் கிடைப்பதோ சனி, ஞாயிறில்தான்.

தூசி இதைவிடப் பெரிய விஷயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் சீவல் பிரச்சினை இல்லை, பெருக்கிவிடலாம். ஏசி காற்றில் மிதந்து, சோபாவில் படிந்து, பிள்ளைகள் மூச்சில் போகும் மாவு போன்ற தூள்தான் கெடுதல். மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை அறுத்தால் அந்த மாவுதான் அதிகம். சர்வீஸ் யார்டில் வைத்து ஓட்டினால் காயும் துணியில் படியும், மேல்வீட்டுத் துணியிலும் படியும். காரிடாரில் வைக்கலாம் என்று யோசிக்கவே வேண்டாம். அது எல்லோரும் தப்பிக்கும் வழி, 1.2 மீட்டராவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

பூஜை அலமாரியை நீங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால்தான் இதைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். நாலறை வீட்டுக்குள் மேசை ரம்பம் என்பது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நல்ல பேரம் ஆகாது.

ஏப்ரல் 13

நேற்று எழுதியதற்குப் பிறகு இரவெல்லாம் இதே யோசனை. அப்போ வழி என்ன?

எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகையை முழுசாக மின்தூக்கியில் ஏற்றுவதே பெரும் பாடு. மரக்கடையிலேயே பெரிய பேனல் ரம்பத்தில் அளவுக்கு வெட்டித் தருவார்கள், வெட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அலமாரிக்கு வேண்டிய பலகைகளை அங்கேயே வெட்டி வாங்கிவிட்டால் வீட்டில் மீதமிருப்பது சின்னச் சின்ன வெட்டுகள்தான். அதற்கு டிராக் ரம்பம் போதும். தரையில் தடித்த ஃபோம் பலகையை விரித்து, அதன் மேல் பிளைவுட்டைப் போட்டு, தண்டவாளம் மாதிரி அலுமினியச் சட்டத்தை வைத்து அதன் மேல் ரம்பத்தை ஓட்டுவது. மக்கிட்டாவின் 165 மிமீ டிராக் ரம்பத்தில் வேக்கும் குழாய் மாட்டினால் பெரும்பாலான தூள் உள்ளே போய்விடும். சட்டம் 1.4 மீட்டர் நீளம், கட்டிலுக்கு அடியில் நுழையும். கிக்பேக் இதிலும் உண்டு, ஆனால் எகிறுவது ரம்பம், வீசப்படுவது மரம் இல்லை. கை பிளேடு பக்கம் போக வேண்டிய வேலையும் குறைவு.

மே 18

இந்த மாதம் வீடுகளுக்கு அரசாங்கம் கொடுத்த சிடிசி பற்றுச்சீட்டில் பாதி, அக்கம்பக்கக் கடைகளுக்கும் உணவங்காடிக்கும் உரியது. எங்கள் பேட்டை ஹார்ட்வேர் கடையில் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கிளாம்ப், மரப்பசை, தள்ளுகோல், நல்ல தூசி முகக்கவசம் எல்லாம் அதில் வாங்கினேன். அரிசி, எண்ணெய்க்கு வைத்திருந்ததில் கை வைத்தாயா என்று வீட்டில் கேட்டார்கள். பேரங்காடிக்கான பாதி அப்படியே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் சமாதானம்.

ஜூன் 7

விரல் பட்டால் நின்றுவிடும் ரம்பம் பற்றி ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சா ஸ்டாப் என்று பெயர். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-இல் கண்டுபிடித்தார், 2004 வாக்கில் விற்பனைக்கு வந்தது. பிளேடில் மெல்லிய மின் சமிக்ஞை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு பட்டால் அந்தச் சமிக்ஞை மாறும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து, ஐந்து மில்லி வினாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். விரலில் கீறலோடு போகும். அந்தப் பிளேடும் கட்டையும் அதோடு வீண், புதிதாகப் போட வேண்டும். ஆணி, அலுமினியம், ஈர மரம் பட்டாலும் சில நேரம் பாய்ந்துவிடும். 2017-இல் கருவி செய்யும் ஃபெஸ்டூலின் தாய் நிறுவனம் சா ஸ்டாப்பை வாங்கியது.

பணம் இருந்தால் வாங்குங்கள், இரண்டாம் பேச்சில்லை. வோல்ட்டை மட்டும் பாருங்கள், பிப்ரவரி 22 குறிப்பு இதற்கும் பொருந்தும். இன்னொன்று: அது விரலைக் காப்பாற்றும், கிக்பேக்கைத் தடுக்காது. ரைவிங் நைஃப் அதிலும் வேண்டும்.

ஜூலை 6

ஈசூன் தம்பியிடமிருந்து செய்தி. நண்பர் ஒருவர் சுங்கை காடுட்டில் பட்டறை வைத்திருக்கிறாராம், மூலையில் இடம் தருகிறாராம், ஞாயிற்றுக்கிழமை போகலாமாம். ஆக, ஏப்ரல் 12-இல் நான் போட்ட முட்டுக்கட்டை இவருக்கு விலகிவிட்டது. இடம் கிடைத்தவருக்கு என் பதில் வேறு: மேசை ரம்பம் வாங்குங்கள், சந்தோஷமாக வாங்குங்கள்.

அந்த வட்டாரத்திலேயே விசாரித்துப் பார்க்கவும் சொன்னேன். சுங்கை காடுட் பல பத்தாண்டுகளாக மரம், அறைகலன் பட்டறைகளின் இடம். அதைப் புதிய சூழல் வட்டாரமாக மாற்றப் போவதாக, தொழிற்பேட்டைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஜேடிசி 2020-இல் அறிவித்தது. கடையைக் காலி செய்கிறவர்கள் சாமான்களை இணையத்தில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், காபிக் கடையில் வாய்வழியாகத்தான் சேதி போகும். என் ரம்பமும் அப்படி வந்ததுதான். ஒரு ஒப்பந்தக்காரர் பட்டறையை மூடும்போது, ஃபென்ஸ், மூடி, தள்ளுகோல், ஏன், வாங்கிய ரசீதுகூடச் சேர்த்துக் கொடுத்தார். விலையை நான் குறைத்துக் கேட்கவே இல்லை. எல்லா உறுப்பும் ஓர் இடத்தில் இருப்பது அவ்வளவு அபூர்வம்.

பழைய சாமான் என்றதும் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை ஞாபகம் வருகிறது. 2017 ஜூலையில் மூடினார்கள். இழைப்புளி, உளி, கைரம்பம் எல்லாம் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். என் ஒன்றரை அங்குல உளி அங்கே வாங்கியது, பிடியில் யாரோ சீன எழுத்தில் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் அதுதான் என்னிடம் இருப்பதிலேயே கூர்.

ஜூலை 20

வாங்கிவிட்டார்! பாஷ், 10 அங்குலம், 230 வோல்ட், 620 வெள்ளி. ரைவிங் நைஃப் இருக்கிறது, மூடி இருக்கிறது. பல்லில் புள்ளி வைத்துப் பார்த்தாராம், முன்னும் பின்னும் ஒன்றுபோல. பிரஷ் தேய்ந்திருந்ததைக் காட்டி 700-லிருந்து இறக்கியிருக்கிறார். பிப்ரவரியில் பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறாரே என்று ஒருவர் கேட்கிறார். அந்த 280-க்கு டிரான்ஸ்ஃபார்மர், மூடி, ரைவிங் நைஃப், நேராக நிற்கும் ஃபென்ஸ் எல்லாம் கூட்டிப் பாருங்கள், 620 தாண்டும். கூட்டிய பிறகும் கையில் இருப்பது கட்டுமானத் தளத்தில் அடிபட்ட மோட்டார்.

ஆகஸ்ட் 24

அடுத்த மாதம் நவராத்திரி. கொலுப்படி செய்ய முடியுமா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மேசை ரம்பம் ஜொலிக்கும் வேலையே இதுதான். ஒரே அகலத்தில் பல பலகை வேண்டும். ஃபென்ஸை ஒரு தடவை பூட்டிவிட்டு வரிசையாக அறுத்துக்கொண்டே போனால் எல்லாம் அச்சு அசலாக ஒரே அளவு. ஒவ்வொன்றாக அளந்து கோடு போட்டு அறுத்தால் இது வரவே வராது.

ஐந்து படி என்றால், ஐந்தையும் தனித்தனிப் பெட்டியாக, அடிப்பக்கம் திறந்ததாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நாலு பக்கமும் இரண்டு விரற்கடை பெரியது, உயரமும் 18 சென்டிமீட்டரிலிருந்து படிப்படியாக ஏறும். நிறுத்தும்போது ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் படி. கொலு முடிந்ததும் உயரமானதைக் கவிழ்த்து அதற்குள் மற்றதைப் போடும்படி அளவைத் திட்டமிட்டால் ஒரே பெட்டியாக ஒடுங்கிவிடும். உயரமானதே அகலத்திலும் பெரியதாக இருப்பது அதற்காகத்தான், வரைபடத்தை முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 12 மிமீ பிளைவுட் போதும். மரப்பாச்சிக்கும் மண் பொம்மைக்கும் அது தாங்கும்.

ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே ஒடுக்கமான துண்டு வரும்போது கையால் தள்ளாதீர்கள், தள்ளுகோலால் தள்ளுங்கள். ஃபென்ஸையும் மைட்டர் கேஜையும் ஒரே வெட்டில் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். வெட்டுப்பட்ட துண்டு இரண்டுக்கும் இடையே சிக்கி எகிறும்.

செப்டம்பர் 13

மேசை துருப்பிடிக்கிறதா என்று கேட்டார்கள். தூக்கிப் போகும் வகையில் மேசை அலுமினியம், துருவே இல்லை. வார்ப்பிரும்பு மேசை என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் ஓர் இரவு போதும், ஆரஞ்சுப் புள்ளி வந்துவிடும். வியர்வைக் கை பட்ட இடம் முதலில் துருப்பிடிக்கும். கட்டி மெழுகைப் பூசி, காய்ந்ததும் துணியால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். மரமும் வழுக்கிக்கொண்டு போகும். சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே வேண்டாம், அது மரத்தில் ஒட்டினால் பிறகு வார்னிஷ் பிடிக்காது.

அக்டோபர் 26

தீபாவளிப் பலகாரம் தீர்ந்தது, பிளேடு கேள்விகள் தீரவில்லை.

நீளவாக்கில் கனத்த மரம் அறுக்க 24 பல். குறுக்காக அறுக்கவும் பிளைவுட்டுக்கும் 60. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40. பழைய நியாட்டோ மர அலமாரிகளை உடைத்த மரம் 40-இல் அழகாக வெட்டுப்படும், செங்கால் மரம் மாதிரிக் கடினமானதை 24-இல் மெதுவாகத் தள்ளுங்கள். சரக்கு அடுக்கும் பேலட் மரம் அறுக்கும் முன் காந்தத்தால் தடவி ஆணி பாருங்கள், ஒரு ஆணி போதும் கார்பைடு பல் உடைய.

10 அங்குலம் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பது 250, 254, 255, 260 மிமீ எதுவாகவும் இருக்கலாம். நடுத்துளை 30 மிமீயாகவோ 25.4 மிமீயாகவோ இருக்கும், அமெரிக்கப் பிளேடு என்றால் 15.9. துளை பெரிதாக இருந்தால் சரியான வளையம் போட்டு இறுக்கலாம். சிறிதாக இருந்தால் துளையைப் பெரிதாக்க முயலாதீர்கள். மெல்லிய பல் பிளேடு வாங்கினால் ரைவிங் நைஃபின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் தடிமனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய பிளேடைக் கழற்றி கையோடு கடைக்குக் கொண்டு போனால் வேலை சுலபம்.